பிரிச்சாத்தான் வெல

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலு ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. வண்டி நெழல்லதான நிக்குது? நிக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல. ரெண்டு வார்த்தை பேசிட்டு அப்பறம் போய்ப் பாக்கலாம். மாமனாரு வண்டிங்களா? நெனச்சேன். உங்க வயசுல இதையெல்லாம் வாங்கி வெக்க மாட்டீங்க. மாமனாரு இருக்கறாருங்களா? நல்லது, நல்லது. இன்னும் ஓட்டறாருங்களா? சும்மாதான் கேட்டேன்.

முழுசா குடுத்தா என்ன வரும், பிரிச்சுக் குடுத்தா என்ன வரும்னு கேட்டீங்க. ஒரே வார்த்தைல சொல்லிப்போடலாம். ஆனா நம்ப மாட்டீங்க. இவன் உதிரி யாவாரி, இவன் வேற என்ன சொல்லுவான்னு நெனப்பீங்க. அதனால வெவரமாச் சொல்றேன், கேளுங்க.

இந்த உக்கடத்துல எத்தனையோ கடை இருக்குதுங்க. அவங்கெல்லாம் ஓடற வண்டிக்குச் சாமான் விப்பாங்க. நம்ம கடை அப்படியில்ல. நம்மகிட்ட வர்றதெல்லாம் ஆசைக்கு வெச்சிருக்கற வண்டி. தொரைமாரு காலத்து மோட்டார் சைக்கிளு. அந்தக் கம்பெனியே இழுத்து மூடி எத்தனையோ காலமாச்சு. அதுக்குச் சாமான் எங்க கெடைக்கும்? இன்னொரு வண்டில இருந்துதான் கெடைக்கும். இதுதானுங்க யாவாரமே.

முழு வண்டிய ஒருத்தர்தான் வாங்க முடியும். அவரு வருவாரு, சுத்திச் சுத்திப் பாப்பாரு. டேங்க்ல துருப்புடிச்சிருக்குதும்பாரு, சீட்டு புதுசா போட்டதும்பாரு, எஞ்சின்ல ஒரு நம்பரு சேஸ்ல ஒரு நம்பரும்பாரு. கொறைச்சு கொறைச்சு நம்மளையே கொறைச்சுப் போடுவாரு. உதிரி அப்படியில்ல. ஒருத்தன் ஊட்டுல ஒரு வண்டி நிக்கும். எல்லாம் இருக்கும், ஒரே ஒரு சாமான் இருக்காது. அதுக்காக அவன் வருசக்கணக்கா நாயா அலைஞ்சிருப்பான். அவங்கிட்டப் போய் அந்தச் சாமானை மேசை மேல வெச்சுப் பாருங்க. வெலையே கேக்க மாட்டான். எடுத்து மடில வெச்சுக்குவான். நான் பாத்திருக்கறேன். கல்யாணத்தன்னைக்குக் கூட அந்த மூஞ்சில அப்படியொரு சந்தோசம் வந்திருக்காது.

டேய் மூர்த்தி, தம்பிக்கு ஒரு டீ சொல்லுடா. சக்கரை போடலாமுங்களா? போடலாமாம்டா.

நம்ம மேல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க தம்பி. ஒண்ணை எடுத்தா அந்த எடத்துல இன்னொண்ணை வெக்காம விடமாட்டேன். யாரையும் கொறையோட அனுப்புனதில்ல. ஆனா நல்லது செஞ்சவனுக்குத்தான் கெட்ட பேரு. சபாபதி மாஸ்டர் விசயத்துல எனக்கு நடந்தது அதுதான்.

மாஸ்டருன்னா மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டர். சிங்காநல்லூர்ல ஊடு. ரிட்டையர் ஆகி ஒத்தையில இருந்தாரு. சம்சாரம் முன்னாலயே போயிருச்சு. ஒரே மக சுகந்தி, பெங்களூர்ல கம்பெனி வேலை. மாஸ்டருகிட்ட ஒரு ரெட்டை சிலிண்டர் வண்டி இருந்துச்சுங்க. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்ல மாட்டுக்கொட்டாயில கெடந்ததை வாங்கி, ஒவ்வொண்ணாத் தேடிச் சேத்து ஓட வெச்சாரு. அந்த வண்டிக்கு நான்தான் வைத்தியன். சனிக்கெழமையானா போயிருவேன். "வா கிட்டு, உன்ற புள்ளை காத்துட்டிருக்குது"ம்பாரு. வண்டியச் சொல்லுவாரு. அவரே காப்பி போட்டுத் தருவாரு. நானும் என்ற ஊட்டுக் கதையெல்லாம் அவருகிட்டத்தான் சொல்லுவேன். அப்படிப் பழக்கம்.

ஆனா ஒண்ணுங்க. அவருக்கு வெலை தெரியாது. நானு வருசா வருசம் சொல்லுவேன். "மாஸ்டர், உங்களுக்கு அப்பறம் இதை யாரு பாக்கறது? சுகந்திக்கு இதெல்லாம் தெரியுமா? இப்பவே பிரிச்சுப் போட்டா, டேங்க் தனியா, கார்புரேட்டர் தனியா, டைனமோ தனியா, நல்ல வெலைக்கு நான் தள்ளி உடறேன்." அவரு சிரிப்பாரு. "கிட்டு, பிரிச்சதைச் சேக்கறதுக்கே என்ற பாதி ஆயுசு போச்சு. இதை மறுபடி பிரிக்கச் சொல்றயே, உனக்கு மனசு வருதா?"ம்பாரு.

மனசுக்கும் வெலைக்கும் என்னங்க சம்பந்தம்?

போன வருசந்தான் கொச்சிக்காரர் ஒருத்தர் வந்தாரு. குரியன்னு பேரு. அவருகிட்டயும் அதே மாடல் வண்டி. எல்லாம் இருக்குது, முன் பிரேக் தட்டு மட்டும் இல்ல. முன் சக்கரத்துல பிரேக் கட்டையெல்லாம் உள்ள வெச்சு மூடற அலுமினியத் தட்டுங்க. ஒரு பக்கம் காது மாதிரி நீட்டிட்டு, சக்கரத்தைத் தாங்கற போர்க்கு கம்பியோட மாட்டிக்கும். பிரேக் புடிக்கறப்ப தட்டு சுத்தாம நிறுத்தறதே அந்தக் காதுதான். அந்தத் தட்டு நம்ம நாட்டுலயே ரெண்டு மூணுதான் இருக்கும்னாரு. ஒண்ணு எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியும். நான் அவருகிட்டச் சொல்லலை. அவரு சொன்ன வெலையக் கேட்டதும் என்ற காதே அடைச்சுப் போச்சு. பாதி வண்டி வெலைங்க, ஒரு தட்டுக்கு!

நேரா மாஸ்டருகிட்டப் போய்க் கேட்டேன். நான் மறைக்கலைங்க. மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். "மாஸ்டர், அந்தத் தட்டை மட்டும் குடுங்க. வேற ஒண்ணு போட்டுத் தர்றேன். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு." அவரு அன்னிக்குச் சிரிக்கலை. "வேற ஒண்ணுன்னா எது கிட்டு?"ன்னாரு. "நம்மூர்ல வார்க்காத சாமானா மாஸ்டர்?"ன்னேன். "பிரேக்குல வெளையாடாதே. அதைத் தவிர வேற பேசு"ன்னு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. காப்பி வரலை. அந்த ஊட்டுல நான் காப்பி குடிக்காம வந்தது அன்னிக்குத்தான்.

மனுசனுக்கு அவ்வளவு பிடிவாதம் ஆகாதுங்க.

அப்பறம் மாரியம்மன் நோம்பி முடிஞ்சு, கிளட்ச் வழுக்குதுன்னு வண்டிய நம்ம கடைக்கே அனுப்பி வெச்சாரு. எனக்கு அது சாமியே அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு. நான் கேட்டா வாங்குனேன்? தானா வந்துச்சு. கணபதில நமக்குத் தெரிஞ்ச வார்ப்புப் பட்டறை இருக்குது. தட்டைக் கழட்டிக் கொண்டுட்டுப் போனேன். அச்சு எடுத்து, ஊத்தி, கடைஞ்சு குடுத்தான். பக்கத்துல பக்கத்துல வெச்சா நீங்களும் கண்டுபிடிக்க மாட்டீங்க. பட்டறைக்காரன் மட்டும் ஒண்ணு கேட்டான். "ஏனுங்க அண்ணா, இது பார்வைக்கு வெக்கற வண்டிக்குத்தானுங்களே? ஓட்டறதுக்கு இல்லீங்களே? என்றது வெறும் பழைய சாமானை உருக்கி ஊத்துனது, உள்ள ஓட்டை உழுந்து பொறைபொறையா இருக்கும். காதுப் பக்கம் தாங்காது"ன்னான். "அது சும்மா நிக்கற வண்டிடா"ன்னேன். பொய்யில்லீங்க. மாஸ்டர் எடுக்கறதே அத்தி பூத்தாப்பலதான்.

அசல் தட்டு கொச்சிக்குப் போச்சு, ஊத்துனது மாஸ்டர் வண்டில ஏறுச்சு. கிளட்சை நல்லாப் பண்ணிக் குடுத்தேன். கூலி கூட வாங்கலை. வண்டிய உடறப்ப சொன்னேனுங்க, நான் சொல்லாம இல்ல. "மாஸ்டர், வயசாச்சு. மேடு பள்ளத்துக்கெல்லாம் இதை எடுத்துட்டுப் போகாதீங்க. ஊடு, கடைவீதி, கோயிலு, அதோட நிறுத்திக்கோங்க." சொந்த அண்ணனுக்குச் சொல்றாப்பலதான் சொன்னேன். அதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?

கேட்டாருங்களா? கேக்கலை. தீபாவளிக்கு மக வந்திருக்கறா. "அப்பா, இந்த வண்டி கெடந்த எஸ்டேட்டை எனக்குக் காட்டவே இல்லையே"ன்னிருக்கறா. இவரு கெளம்பிட்டாரு. அவரு வண்டில, அவ பின்னால காருல. கோத்தகிரி ஏறுனது ஏறுனாங்க. எஸ்டேட்டைப் பாத்து, போட்டோ எடுத்து, சாப்புட்டு, மேட்டுப்பாளையம் பக்கம் எறங்கறப்பதான்.

ஏனுங் தம்பி, டீ ஆறிப் போகுது, குடிங்க.

வளைவுல ஒரு லாரி வந்திருக்குது. இவரு முன் பிரேக்கைப் புடிச்சிருக்கறாரு. அவ்வளவுதான். வண்டி அங்கயே குப்புற அடிச்சு, இவரைத் தூக்கிக் கீழ போட்டிருச்சு. சுகந்தி பின்னாலயே வந்தவ, எல்லாத்தையும் பாத்திருக்கறா. அந்தப் புள்ளைக்கு அப்படிப் பாக்கணும்னு தலையெழுத்து. நான் என்ன சொல்றேன்னா, அந்த வயசுல மலை எறங்கலாமுங்களா? பஸ்ஸுல போயிருந்தா இன்னிக்கு இருப்பாரு.

தகவல் வந்ததும் மொதல்ல ஓடுனது யாரு? நான்தான். ஆஸ்பத்திரி, போலீசு, எழுத்து வேலை, ஐஸ் பெட்டி, எல்லாத்துக்கும் நான்தான் நின்னேன். சுகந்தி "கிட்டு மாமா, கிட்டு மாமா"ன்னு என்ற கையப் புடிச்சுட்டு அழுதா. எனக்கும் அழுகை வந்துருச்சு. நெசமாத்தான் சொல்றேன். இப்பவும் சனிக்கெழமையானா எங்க போறதுன்னு தெரியாம கடைலயே உக்காந்திருக்கறேன்.

காரியம் முடிஞ்ச அன்னிக்கு, ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் சாப்புட்டு உக்காந்திருந்தப்ப, வண்டிப் பேச்சு வந்துச்சு. வண்டி ஊட்டுக்குப் பின்னால தகர செட்டுல தார்ப்பாய் போட்டுக் கெடந்துச்சு. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். "கண்ணு, இது அடிபட்ட வண்டி. இனி முழுசா யாரும் வாங்க மாட்டாங்க. அதுவும் உசுரு போன வண்டின்னா தொடக் கூட யோசிப்பாங்க. பிரிச்சுப் போட்டா நல்ல வெலை. எந்தச் சாமான் எந்த வண்டில இருந்து வந்துச்சுன்னு எவனும் கேக்க மாட்டான். மாமா பாத்துக்கறேன்."

அவ எந்திரிச்சுப் போனா. எதையோ ஒரு துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்து என்ற முன்னால வெச்சா. பிரேக் தட்டு. ரெண்டாப் பொளந்து, காது தனியாக் கெடந்துச்சு.

"மாமா, அப்பா ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை இதைத் தொடைச்சுட்டு உக்காந்திருப்பாரு. சின்ன வயசுல நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். அந்தத் தட்டுல என்ற மூஞ்சி தெரியும். இது அதில்ல. ஒடைஞ்ச எடத்தைப் பாருங்க, ரஸ்க்கு மாதிரி இருக்குது. இது எப்படி இங்க வந்துச்சு?"

அத்தனை பேருக்கு முன்னால கேக்கறாளுங்க! ஒரு மொறை வேண்டாம்? உள்ள கூப்புட்டுக் கேட்டிருக்கலாமில்ல? "பழைய சாமானு கண்ணு, உள்ளுக்குள்ள இத்துப் போயிருக்கும்"னேன். அவ தட்டை மறுபடி துண்டுல சுத்துனா. அப்பறம், "சாப்புட்டீங்களா?"ன்னா. "சாப்புட்டேன் கண்ணு." "அப்ப கெளம்புங்க"ன்னா.

ஓடியோடி வேலை செஞ்சவனைக் கெளம்புங்கன்னா! என்ற சம்சாரங்கிட்டக் கூட இதைச் சொல்லலை. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

ஆனா பாருங்க, கோவமெல்லாம் எத்தனை நாளைக்கு? பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் அவளே வந்துட்டா, இதே கடைக்கு. நீங்க உக்காந்திருக்கற அதே சேர்லதான் உக்காந்தா. வேலைய உட்டுட்டு இங்கயே வந்துட்டாளாம். "மாமா, அப்பா வண்டிய மறுபடி சேக்கலாம்னு இருக்கேன். என்னென்ன வெச்சிருக்கீங்கன்னு பாக்கோணும்"ன்னா. எனக்கு வயித்துல பால் வாத்தாப்பல ஆயிருச்சு. வாடி என்ற ராசாத்தின்னு எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனேன்.

அதுலருந்து அடிக்கடி வந்தா. ஏதாச்சும் ஒண்ணை எடுப்பா. ஒரு லைட்டு, ஒரு மூடி, ஒரு கம்பி. பேரம் பேசறதே இல்ல. அவ அப்பன் மாதிரியே, வெலை தெரியாத புள்ளை. ஆனா கதை கேக்கறதுல நெம்ப ஆசை. "இது எந்த வண்டில இருந்தது மாமா? அதுக்குப் பதிலா அதுல என்ன வெச்சீங்க?" எனக்கும் சொல்றதுக்கு ஆளு வேணுமில்லீங்க? மூர்த்திகிட்டச் சொன்னா கொட்டாவி உடுவான். இவ கன்னத்துல கை வெச்சுட்டுக் கேப்பா. போனை மேசை மேல கவுத்தி வெச்சிருவா. ஒரு தடவை கூட எடுத்துப் பாக்க மாட்டா. இந்தக் காலத்துப் புள்ளைகள்ல அப்படியொரு மரியாதைய எங்க பாக்கறீங்க?

எல்லாஞ் சொன்னேன். கோபிச்செட்டிபாளையத்து வாத்தியார் வண்டி அச்சாணி, காங்கயத்து ரைஸ்மில்காரரு ஸ்டியரிங் பேரிங்கு, தாராபுரத்து டாக்டர் பின்சக்கரத்து ஆரக்கம்பி. அதெல்லாம் எங்க போச்சு, பதிலுக்கு எதை வெச்சேன், எந்தப் பட்டறைல ஊத்துனது. "இவங்க வண்டியெல்லாம் போய்ப் பாக்கலாமா மாமா?"ன்னா. "தாராளமாப் பாரு, என்ற பேரைச் சொல்லு"ன்னு வெலாசம் குடுத்தேன். உங்கப்பன் வண்டி மாதிரியே ஒண்ணு கொச்சில இருக்குதுன்னு குரியன் வெலாசத்தையும் சேத்தே குடுத்தேன்.

போன மாசம் குரியன் போன் பண்ணுனாரு. "ஒரு பொண்ணு வந்துச்சு. பிரேக் தட்டைக் கேட்டுச்சு. கழட்டிக் குடுத்துட்டேன்"ன்னாரு. "எவ்வளவுக்குங்க?"ன்னேன். "காசு வாங்கலை"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. "அதுக்காகத்தான அந்தப் பாடுபட்டீங்க, சும்மாவா குடுத்தீங்க?"ன்னேன். அப்பறம், "கிட்டுசாமி, இனி எனக்குக் கூப்புடாதீங்க"ன்னு வெச்சுட்டாரு. ஆசை உட்டுப் போச்சாட்ட இருக்குது. சில பேருக்கு அப்படித்தான், கைல கெடைச்சதும் சலிச்சுப் போகும்.

அதுக்கப்பறம் யாவாரம் கொஞ்சம் மந்தந்தான். வாத்தியார் ஊட்டுக்குப் போன் போட்டா எடுக்கறதில்ல. டாக்டரும் எடுக்கறதில்ல. ஆடி மாசம், அப்படித்தான் இருக்கும். நீங்க வந்ததே பெரிய சந்தோசமுங்க. உங்களை மாதிரி ஆளுக நாலு பேரு வந்தாப் போதும்.

சரி, வாங்க, வண்டியப் பாத்தரலாம். ஒரு நாலு நாள் நம்மகிட்ட இருக்கட்டும். முன்னால பின்னால கழட்டிப் பாத்துட்டு, எதுக்கு என்ன வெலைன்னு சொல்லிப்போடறேன். அதுக்குள்ள மாமனாரு மனசு மாறி வண்டி வேணும்னாருன்னா, பேஷா ஓட்டிட்டுப் போகட்டும். எப்படி வந்துச்சோ அப்படியே... ஏனுங், எந்திரிச்சுட்டீங்க? சாவியை ஏன் எடுக்கறீங்க? டீ பாதி அப்படியே இருக்குதே. நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே தம்பி?

இருங்க, இருங்க. ஏதோ வேன் வந்து நிக்குது. நம்ம கடைக்குத்தான். அட, சுகந்தி! இன்னிக்கு வர்றேன்னே சொல்லலையே. கூட யாரு, ஒரு கூட்டமே எறங்குது? முன்னால வர்ற அம்மா வாத்தியார் சம்சாரமாச்சே. நெத்தில பொட்டையே காணோம். எனக்கு ஒருத்தரும் தகவல் சொல்லலை பாருங்க. சொல்லியிருந்தா ஒரு மாலையோட போயிருப்பேன். அந்தக் கோலு ஊனிட்டு வர்றது ரைஸ்மில்காரரு பையன். வண்டில இருந்து உழுந்து ஒடைஞ்ச காலு இன்னும் கூடலையாட்ட இருக்குது. பின்னால அந்த ரெண்டு பேரு யாருன்னு தெரியலை, காக்கிப் பேண்டு போட்டவங்க.

மூர்த்தி, நாலு சேர் எடுத்துப் போடு. டேய் மூர்த்தி! எங்கடா போனான், பின்கதவு தொறந்து கெடக்குது?

ஆளாளுக்குக் கையில துணில சுத்தி ஏதோ கொண்டாந்திருக்கறாங்க, பாத்தீங்களா தம்பி? சாமானாத்தான் இருக்கோணும். விக்க வந்திருக்கறாங்க. வாங்கம்மா, வாங்க. கண்ணு சுகந்தி, எல்லாரையும் உள்ள கூட்டிட்டு வா. இந்த மேசை மேலயே வைங்க. ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் காட்டுங்க, பாத்து வெலை சொல்றேன்.